மருமகனின் குடை

குடை ஒன்றுதான் இருந்தது. அதை மருமகன் பிடித்திருந்தான். அதனால் சிவசைலம் அவன் தோளை உரசிக்கொண்டேதான் நடக்க வேண்டியிருந்தது. தூத்துக்குடியில் காலையில் பிடித்த மழை மதியம் இரண்டு மணியாகியும் விடவில்லை. லாட்ஜ் இருந்த சந்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், அதில் ஒற்றைச் செருப்பும் வாழைமட்டையும் மிதந்து வந்தன. "காரை எடுத்தா தண்ணி உள்ள ஏறிரும் மாமா, நடந்தே ஊரைப் பாத்துட்டு வருவோம். மழையில ஒரு ஊரைப் பாக்குறது தனி சுகம்" என்று நவநீதன் சொல்லியிருந்தான். சிவசைலம் ஊரைப் பார்க்கவில்லை. மூக்குக்கு நேரே ஒரு சாண் தள்ளி, குடைக் கம்பைச் சுற்றியிருந்த அவனுடைய நான்கு விரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். சுத்தமான விரல்கள். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. மோதிர விரலில் கல்யாணத்தன்று இவர் போட்ட பச்சைக்கல் மோதிரம். அந்த நான்கு விரல்களும் என்ன அகலம் இருக்கும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விழும் என்று மனம் தன்னால் அளந்துகொண்டிருந்தது. முப்பத்தைந்து வருஷம் சர்வேயராகச் சங்கிலி இழுத்த மனம், அளக்காதே என்றால் கேட்குமா? காலையில் திருச்செந்தூரில், கடலில் குளித்துவிட்டு வந்து மகள் மதி ஈரக் கூந்தலை முடிய இரண்டு கையையும் தூக்கினாள். ரவிக்கைக் கை மேலே ஏறியது. வலது புஜத்தில் வரிசையாக நான்கு கருநீலத் தடங்கள், சின்ன நாவல்பழம் மாதிரி. அவர் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். கையை இறக்கினாள். "கார் கதவு இடிச்சிட்டுப்பா" என்றாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வந்ததுதான் காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது. கார் கதவு. புதுக் காரின் கதவு. அந்தப் புதுக் காரில்தானே மாமனாரையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரியிலிருந்து ராமேஸ்வரம் வரை கடலோரமாகவே ஓட்டிப்போகிறேன் என்று கிளம்பினான். இவர் மனைவி வடிவு முழங்கால் வலி என்று வரவில்லை. மதி பின்சீட்டில் மூன்று நாளாக ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். கதவு இடிக்கும், சரி. இடித்தால் ஒரு கோடு விழும், ஒரு கன்றல் விழும். கதவுக்கு விரல் ஏது?

சந்து முடிந்து பீச் ரோட்டுக்கு வந்தார்கள். கடலிலிருந்து காற்று பக்கவாட்டில் அடித்து, குடை இருந்தும் இடது பாதி முழுக்க நனைந்தது. இவருடைய இடது பாதி. மருமகன் பக்கம் காய்ந்துதான் இருந்தது. வேண்டுமென்றே சாய்த்துப் பிடிக்கிறானா? இல்லை, காற்று அப்படி. இல்லை, வேண்டுமென்றேதான். லாட்ஜில் மதி தலைவலி என்று படுத்துவிட்டாள். நான் அவளோட இருக்கேன் மாப்பிள்ளை, நீங்க போய்ட்டு வாங்க என்று சொல்ல இவர் வாயெடுப்பதற்குள், "அவ தூங்கட்டும் மாமா, வாங்க" என்று அவன் இவர் முழங்கையில் கைவைத்து நகர்த்திவிட்டான். கிளம்பும்போது கதவோரம் சொருகியிருந்த அட்டையை உருவிப் பையில் போட்டுக்கொண்டான். அந்த அட்டையை எடுத்தால் அறையில் கரண்ட் நின்றுவிடும். விளக்கு அணைந்தது, ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. "புள்ள இருட்டுல கெடக்காளே" என்றார் இவர். "தூங்குறவளுக்கு எதுக்கு மாமா லைட்டு?" சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். மருந்துக் கம்பெனியில் பெரிய வேலை, டாக்டர்களிடம் சிரித்துச் சிரித்துப் பழகிய முகம். இருட்டில் கிடக்கிறாள். இந்நேரம் எழுந்து ஜன்னல் திரையை விலக்கியிருப்பாளா? விலக்கினாலும் அந்தப் பக்கம் எதிர்க் கட்டடத்தின் சுவர்தான். இவர் ஏன் வந்தார்? வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே. முப்பத்தைந்து வருஷம் தாசில்தாருக்கும் மிராசுதாருக்கும் தலையாட்டிய கழுத்து, இவனுக்கும் ஆடிவிட்டது.

ஒரு ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியது. சேற்றுத்தண்ணீர் நவநீதனின் வெள்ளைச் சட்டையில் விசிறியடித்தது. அடுத்த நொடி இவர் தலைக்கு மேல் குடை இல்லை. அவன் நாலே எட்டில் ஆட்டோவை எட்டி, கம்பியைப் பிடித்து, உள்ளே கையை விட்டு டிரைவரின் காக்கிச் சட்டைக் காலரைப் பற்றியிருந்தான். சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குனிந்து அந்த ஆளின் காதோரம் என்னவோ சொன்னான். அந்த ஆளுக்கு இவர் வயசு இருக்கும். "தெரியாம அடிச்சிட்டு அண்ணாச்சி, பள்ளம் தெரியல, விடுங்க" என்று அவர் இரண்டு கையையும் கூப்பினார். நவநீதன் விட்டான். திரும்பி வந்தான். வருகிற வழியிலேயே முகத்தை மாற்றிக்கொண்டு வந்தான். "நனைஞ்சிட்டீங்களே மாமா" என்று குடையை மறுபடி பிடித்தபோது பழைய சிரிப்பு இருந்தது. அந்த முகமாற்றம் சிவசைலத்துக்குப் புதிதில்லை. அந்த நாலு எட்டுக்குள் என்ன நடக்கும் என்று அவருக்கு உள்ளிருந்தே தெரியும். முதலில் காதுக்குள் ஒரு அடைப்பு, பிறகு ஒரு வெளிச்சம், பிறகு கை தன்னால் போய்விட்டு வந்திருக்கும், பிறகு ஒரு அமைதி, உலகத்திலேயே இப்போதுதான் மழை விட்டது போல. ச்சீ. அது வேறு. அது ஒரே ஒரு தடவை. கடையநல்லூரில் வாடகை வீட்டில் இருந்தபோது. அன்றைக்கும் மழை. எதற்காக என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வருவதில்லை. மேலதிகாரியான ஆர்.ஐ. நாலு பேர் முன்னால் ஏசியது ஞாபகம் இருக்கிறது, நனைந்த நில அளவைப் புலப்படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தது ஞாபகம் இருக்கிறது, வடிவு கதவைத் திறந்து "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. அதுவா காரணம்? அதுவாக இருக்காது. அவள் வேறு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். ஏதோ பெரிதாக. அதைத்தான் இருபத்துமூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பனிமய மாதா கோவில் தாண்டி ஒரு பேக்கரியில் ஒதுங்கினார்கள். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் ஒதுங்கி நின்று, புதிதாக வந்தவர்களை எரிச்சலோடு பார்த்தார்கள். கடைக்கார அம்மாள், "வாங்குறவங்க மட்டும் நில்லுங்க, சும்மா நிக்கிறவங்க நடைய மறைக்காதீங்க" என்றாள் இவர் முகத்தைப் பார்த்தே. நவநீதன் கால் கிலோ மக்ரூன் கேட்டான். "மதிக்கு உசிரு மாமா இது." முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் நுரைத்துக் காய்ந்த அந்தக் கூம்புகளைக் காகிதப் பெட்டியில் அந்த அம்மாள் அடுக்கினாள். மேலே பாலிதீன் பை, அதன் மேல் இன்னொரு பை. ஈரம் பட்டால் கரைந்துவிடும் என்றாள். எவ்வளவு பத்திரமாகச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறான், பார். மூன்று மாதத்துக்கு முன்னால் மதுரையில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஃபிரிட்ஜ் முழுக்க இனிப்பு. மாப்பிள்ளை வாங்கிட்டு வந்தது, வாங்கிட்டு வந்தது என்று மதி எடுத்து எடுத்து வைத்தாள். ஒன்றையும் அவள் தின்னவில்லை. ஊருக்குப் போய், "நம்ம புள்ளைய எப்படித் தாங்குதார் தெரியுமா?" என்று வடிவிடம் இவர் பெருமையாகச் சொன்னார். வடிவு முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. இவரும் வாங்கிவந்திருக்கிறார். கடையநல்லூரில் அந்த மழைக்கு மறுநாள் சாயந்திரம் அரைக்கிலோ அல்வா, இரண்டு முழம் பிச்சிப்பூ. பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் வடிவு, "குழாயடியில வழுக்கி விழுந்துட்டேன், பல்லு போயிட்டு" என்று துணியால் வாயை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தலையில் பூவை இவரேதான் வைத்துவிட்டார். அவள் அசையாமல் நின்றாள். அதைச் சம்மதம் என்று நினைத்தார். குழாயடி. கார் கதவு. குழாயடிக்கு முந்தின தடவை விறகு தெறித்தது என்று வடிவு சொன்னாள். முந்தின தடவையா? அப்படியென்றால் இரண்டு. விறகு புளியங்குடியில். அங்கே கேஸ் அடுப்பு வரவில்லை. இரண்டு தடவைதான். பேக்கரியின் தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் அந்த எண் அவருக்குப் பிடிபடாமல் வழுக்கியது.

மழை கொஞ்சம் தணிந்ததும் பழைய துறைமுகம் பார்க்கலாம் என்று இழுத்துப்போனான். வழியெல்லாம் தோணிகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். கம்பத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தது. காவலுக்கு நின்ற ஆள் மழைக்கோட்டுக்குள்ளிருந்தே கத்தினார்: "எங்கய்யா போறீங்க? கூண்டு ஏத்திருக்கு, கண்ணு தெரியல? வேடிக்க பாக்க வந்துட்டானுவ." சுவரோரம் தார்ப்பாயின் கீழ் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு நாய் எழுந்து பல்லைக் காட்டியது. இந்த ஊருக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று சிவசைலத்துக்குத் தோன்றியது. எந்த ஊருக்குத்தான் பிடிக்கும்? பெண்ணைக் கட்டியவனோடு ஒரே குடையில் ஒட்டிக்கொண்டு அலைகிற கிழவனை எந்த ஊர் உட்காரச் சொல்லும்? மீன் வாடையும் டீசல் வாடையும் மருமகனின் சென்ட் வாடையும் கலந்து குமட்டியது. கேட்டுவிடலாமா? கேட்டால் என்ன சொல்வான்? கோபப்பட்டால் அந்தக் கோபம் ராத்திரி யார் மேல் இறங்கும்? கேட்காமல் இருந்தால்? மூன்று நாளைக்கு முன்னால், புறப்படும்போது வாசலில் வடிவு மெதுவாகச் சொன்னாள்: "அவர்கிட்ட எதையும் கேட்டு வைக்காதீங்க." எதை என்று இவர் கேட்கவில்லை. கார் விலையைக் கேட்காதீங்க என்கிறாள் என்று நினைத்தார். இப்போது, இந்த ஈரத்தில், அந்த வாசலும் அவள் முகமும் கண்முன் வந்தன. அவளுக்குத் தெரியும். முன்னாலேயே தெரியும். தாயும் மகளும் தினம் போனில் பேசுகிறார்கள், இவர் வந்தால் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அவளுக்குத் தெரிந்தும் இவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? உலகத்தில் எந்தத் தாயும் இதைப் புருஷனிடம்தானே முதலில் ஓடிவந்து சொல்வாள். ஏன் சொல்லவில்லை என்று மனம் அந்த இடத்துக்கு வந்து வந்து, தொட்டுத் தொட்டு, சுடுகிற சட்டியிலிருந்து விரலை எடுப்பது போல எடுத்துக்கொண்டது.

அலை சுவரில் மோதி ஆள் உயரத்துக்கு எழும்பியது. அந்தச் சத்தத்தில் கேட்டுவிட்டார்.

"மாப்பிள்ளை, மதி கையில என்ன?"

"கார் கதவு மாமா. அவ சொல்லலையா?"

"சொன்னா. கதவுக்கு நாலு விரல் உண்டுமா?"

நவநீதன் நின்றான். கடலைப் பார்த்தான். கோபம் வரும் என்று இவர் உடம்பை இறுக்கிக்கொண்டார். வரவில்லை. அவன் குரலைத் தாழ்த்தி, சொந்தக்காரனிடம் ரகசியம் பேசுவதுபோலப் பேசினான்.

"உங்களுக்குத் தெரியாததா மாமா? வீடுன்னா நாலும் இருக்கும். மதி கல்யாணமாகி மூணாம் மாசமே எல்லாம் சொல்லிட்டா. அத்தைக்குப் பல்லு எப்படிப் போச்சுன்னு. நான் உங்களப் பத்தித் தப்பா நெனைக்கல. நீங்களும் என்னைய நெனைக்காதீங்க. அத்தை என்ன, உங்கள விட்டுட்டா போயிட்டாங்க? இன்னைக்கும் உங்களுக்குத்தானே சோறு போடுறாங்க."

அவன் கையை இவர் தோளில் போட்டான். நான்கு விரல்களும் ஈரச் சட்டைக்கு மேல் பதிந்தன. லேசாகத்தான் பதிந்தன, பிரியமாகக்கூட. மழை நின்றுவிட்டது போல ஒரு கணம் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அப்போதுதான் அவருக்கு முழுக்கக் கணக்கு வந்தது. புளியங்குடியில் விறகு. கடையநல்லூரில் பல். தென்காசியில் சொந்த வீட்டுக்குக் குடிபோன வருஷம், கிரகப்பிரவேசத்துப் பாத்திரங்களின் நடுவே, முதுகில். மதி பத்தாவது பரீட்சை எழுதிய அன்று காலையில், அந்தப் பிள்ளையின் கண் முன்னால், அவள் ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது. அதுதான் கடைசி. அதற்கப்புறம் இல்லை. அப்புறம் இல்லை என்பதையே கணக்கு முடிந்தது என்று எழுதி மூடிவிட்டிருந்தார். அந்தப் பரீட்சையில் அவள் கணக்கில் தோற்றாள். ஏன் தோற்றாய் என்று அதற்கும் அதட்டினார்.

"நாலு தடவ" என்றார்.

"என்ன மாமா?"

"நாலு தடவ அடிச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் மறுநாள் இனிப்பு வாங்கியிருக்கேன். அதனாலதான் எனக்குத் தெரியுது. நீ நிறுத்த மாட்டே."

தோளிலிருந்த கையைத் தட்டிவிட்டு அவர் குடையிலிருந்து வெளியே வந்தார்.

நடக்கத்தான் நினைத்தார், ஓட்டமாகிவிட்டது. அறுபத்திரண்டு வயசு உடம்பு, வேட்டி காலில் சுற்றியது, மழை மறுபடி வலுத்து முகத்தில் ஊசியாகக் குத்தியது. பின்னால் "மாமா, மாமா" என்று கூப்பிட்டான். அப்புறம் கூப்பிடவில்லை. கூப்பிடாததுதான் பயம். ஆட்டோ பிடித்து முன்னால் போய்விடுவானோ? அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவானோ? அப்பாகிட்ட என்னடி சொன்னே என்று குனிந்து காதோரம் கேட்பானோ, சத்தமில்லாமல், அந்த ஆட்டோக்காரரிடம் பேசியதுபோல? கேட்டு வைக்காதீங்க என்றாளே, கேட்டு வைத்துவிட்டேனே. எல்லாச் சந்தும் ஒரே சந்தாக இருந்தது. ஒரு மளிகைக் கடையில் லாட்ஜ் பேரைச் சொல்லி வழி கேட்டார். "முன்னால போங்க" என்று கடைக்காரர் எந்தப் பக்கம் என்று காட்டாமலே சொன்னார். முன்னால் போனார். உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. மூட்டைகள் மேல் தார்ப்பாய், அதன் விளிம்பிலிருந்து வழிந்த தண்ணீர் உதட்டில் பட்டுக் கரித்தது. லாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்தார். முழங்கால் தண்ணீர். ஒரு பெண்பிள்ளை கையில் ஹால் டிக்கெட்டோடு நிற்கிறாள், அவள் அப்பனைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். எப்போது முடியும் என்றா? எத்தனை மணிக்குப் பரீட்சை என்றா? இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லையே.

லாட்ஜில் கதவைத் தட்டினார். மூன்றாவது தட்டலில் திறந்தது. அறை இருட்டு. மதி தூங்கியிருக்கவில்லை, காலையில் கட்டிய சேலையோடு நின்றாள்.

"அவர் எங்க?" அதுதான் முதல் கேள்வி.

"வந்துருவான். நீ கெளம்பு. நம்ம வீட்டுக்குப் போவோம்."

அவள் கதவை முழுக்கத் திறக்காமல் நிலையில் சாய்ந்துகொண்டு அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அவர்ட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"நான் உங்கம்மாவ அடிச்சதச் சொன்னான்."

மதி சிரித்தாள். அது சிரிப்பில்லை. "அதுல பொய் ஒண்ணுமில்லையே" என்றாள். "நீங்க செத்துப் போகணும்னு நான் தெனமும் சாமி கும்பிட்டிருக்கேன்ப்பா, தெரியுமா? அஞ்சாங் கிளாஸ்லேர்ந்து. நீங்க ஆபீஸ் விட்டு வர லேட்டானா எனக்குச் சந்தோசமா இருக்கும்."

"மதி, அப்பாவ..."

"வேண்டாம்." கையை நீட்டித் தடுத்தாள். "மன்னிப்பு கேக்க வந்திருந்தா இப்பவே போயிருங்க. அது எனக்கு வேண்டாம், அத யார்ட்ட கேக்கணுமோ அவ வீட்ல இருக்கா. பஸ் ஏத்திவிட வந்திருந்தா, சொல்லுங்க, வாறேன்."

"பஸ் ஏத்திவிடத்தான்" என்றார்.

மதியின் துணிப்பெட்டி ஏற்கெனவே பூட்டியிருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருட்டில் நின்றது. எப்போது அடுக்கினாள், எங்கே போவதற்கு அடுக்கினாள் என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டார்.

கீழே வரவேற்பு மேசை அருகே நவநீதன் நின்றிருந்தான். குடையை மடக்கித் தரையில் ஊன்றியிருந்தான். சட்டைக்குள்ளிருந்து மக்ரூன் பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்திருந்தான். மதியின் துணிப்பெட்டியைப் பார்த்ததும் சிரித்தான். "எங்க மாமா, இந்த மழையில? மதி, மேல போ." குரல் உயரவே இல்லை. மதியின் கால் நின்றுவிட்டது. இவர் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தார், ஒரு சொல்லுக்கு ஒரு உடம்பு எப்படிக் கல்லாகிறது என்று. வடிவின் உடம்பு இப்படித்தான் நின்றிருக்கும், பூ வைக்கும்போது. மேசைக்குப் பின்னால் கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்த ஆள், சோபாவில் பேப்பர் படித்த தம்பதி, துடைப்பத்தோடு ஒரு அம்மாள். இவர்கள் முன்னால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காத முகத்தோடு அவளை மேலே கூட்டிக்கொண்டு போய்விடுவான். மாப்பிள்ளை என்று கூப்பிட்டுத்தான் பழக்கம், அந்தச் சொல் வாய்வரை வந்தது. விழுங்கினார்.

"இவன் என் மகள அடிக்கான்" என்றார் சத்தமாக.

கணினி தட்டுவது நின்றது. பேப்பர் கீழே இறங்கியது. அந்தச் சொல்லை யாரும் ஒரு பொது இடத்தில் உரக்கச் சொல்லி அவர் கேட்டதில்லை. அவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை, டீச்சரம்மாகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால்? "புஜத்துல நாலு விரல் பதிஞ்சிருக்கு. நான் அவளக் கூட்டிட்டுப் போறேன். தடுத்தா போலீஸக் கூப்பிடுங்க."

"மாமா, அசிங்கம் பண்ணாதீங்க" என்றான் நவநீதன். முதல் தடவையாகச் சிரிப்பு இல்லாத முகம். எல்லோரும் அந்த முகத்தைத்தான் பார்த்தார்கள். ஒரு எட்டு முன்னால் வைத்தான். துடைப்பத்தோடு நின்ற அம்மாள் நகரவில்லை, வாளியைக் காலால் தள்ளி அவனுக்குக் குறுக்கே விட்டாள். "போம்மா நீ" என்றாள் மதியிடம். மதியின் கால் நகர்ந்தது.

திருநெல்வேலி பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னல் ஷட்டர்கள் எல்லாம் இறக்கியிருந்தும் சீட்டெல்லாம் ஈரம். மதி முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். பெட்டியைப் பக்கத்துச் சீட்டில் வைத்துக்கொண்டாள், யாரும் உட்கார முடியாதபடி. சிவசைலம் நான்கு வரிசை பின்னால், டயர் மேலே இருந்த சீட்டில், குளிரில் பல் கிட்டிக்க உட்கார்ந்தார். இன்றைக்கு ராத்திரிக்குள் வடிவு முன்னால் போய் நிற்க வேண்டும். என்னத்தைச் சொல்வது? மகளைக் கூட்டிவந்தேன் என்று சொன்னால் நல்லவனாகிவிடுவாரா? வடிவு என்ன சொல்வாள், கதவைத் திறப்பாளா, உள்ளே யாரை மட்டும் விடுவாள்? பஸ் கிளம்பி, ஊரைத் தாண்டி, இருபுறமும் உப்பளங்கள் வெள்ளக்காடாகக் கிடந்த சாலையில் ஏறியது. கண்டக்டர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்னாலிருந்து வந்தார். இவர் இரண்டு டிக்கெட் என்றார். இன்னொரு ஆள் எங்கே என்று கேட்டதற்கு, முன்னால் பெட்டியோடு இருக்கிற பிள்ளை என்று கைகாட்டினார். கண்டக்டர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏம்மா, இவரோட சேந்தா வாறீங்க?"

மதி திரும்பவில்லை. ஷட்டர் இடுக்கு வழியாக மழையைப் பார்த்தபடியே, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"இல்ல. ஒரே ஊருக்குப் போறோம்."

கண்டக்டர் இவர் முகத்தைப் பார்த்தார். சிவசைலம் ஆமாம் என்று தலையாட்டினார்.